புயல் பருவத்துக்கு வீட்டு ஜெனரேட்டர்: ஹூஸ்டன் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீடிக்கிறது. 2024 ஜூலை 8 அன்று டெக்சாஸின் மெட்டகோர்டா அருகே கரையேறிய பெரில், வகைப்பாட்டில் மிகக் கீழான முதல் வகைப் புயல்தான். ஆனாலும் ஹூஸ்டன் பகுதியில் மின் நிறுவனமான சென்டர்பாயின்டின் 22 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போயிற்று, சில தெருக்களுக்கு அது திரும்பி வர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குப் பிறகு நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்டுவரும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இதில் வரும் விலைகள் தோராயமானவை.

கரண்ட் போனால் நாலைந்து மணி நேரத்தில் வந்துவிடுகிறதே, ஜெனரேட்டர் உண்மையிலேயே தேவைதானா?

சாதாரண இடிமழைக்குத் தேவையில்லை. மூடியே வைத்திருந்தால் குளிர்பதனப் பெட்டி 4 மணி நேரமும், நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும் உணவைக் காக்கும். புயலின் கதை வேறு. நூற்றுக்கணக்கான இடங்களில் ஒரே நேரத்தில் மரங்கள் கம்பிகளின் மேல் சாய்ந்து கிடக்கும்போது, பழுது பார்ப்பவர்கள் எத்தனை பேர் வந்தாலும் உங்கள் தெருவின் முறை வர நாட்கள் ஆகும். 2021 ஆகஸ்டில் ஐடா புயலின்போது நியூ ஆர்லியன்ஸ் நகருக்கு மின்சாரம் கொண்டுவரும் 8 உயரழுத்தத் தடங்களும் செயலிழந்தன.

உணவு கெடுவதைவிட வெப்பமே பெரிய ஆபத்து. 2017-இல் இர்மா புயலுக்குப் பின் ஃபுளோரிடாவின் ஹாலிவுட் நகர முதியோர் இல்லம் ஒன்றில் குளிரூட்டம் நின்றுபோனதால் 12 பேர் உயிரிழந்தார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரோ கைக்குழந்தையோ வீட்டில் இருந்தால், ஒரு அறையையாவது குளிர்ச்சியாக வைத்திருக்க வழி இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் உங்கள் பகுதியைக் காலி செய்யும்படி உத்தரவு வந்துவிட்டால், ஜெனரேட்டர் இருக்கிறதே என்று தங்கிவிடாமல் கிளம்பிவிடுங்கள்.

எத்தனை வாட் வாங்க வேண்டும்? ஒரு எண்ணைச் சொல்லுங்களேன்.

ஒரு எண்ணைச் சொல்வதற்கு முன் இரண்டு எண்களைப் பிரித்தறிய வேண்டும். மோட்டார் உள்ள எந்தப் பொருளும் தொடங்கும் கணத்தில் ஒரு மின்சாரத்தையும், ஓடும்போது அதைவிட மிகக் குறைந்த மின்சாரத்தையும் இழுக்கிறது. குளிர்பதனப் பெட்டி ஓடும்போது 150 முதல் 200 வாட் எடுத்தாலும், கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் அதன் பல மடங்கு கேட்கும். சிறிய ஜெனரேட்டரில் அந்த நொடியில் விளக்குகள் மங்கி, எஞ்சின் ஒருமுறை உறுமி, பிறகு சீராவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 9,500 என்று அச்சிட்டிருந்தால் அது பெரும்பாலும் தொடக்க வாட். தொடர்ந்து ஓடும் வாட் அதைவிடக் கணிசமாகக் குறைவாகச் சிறிய எழுத்தில் இருக்கும். அந்தச் சிறிய எழுத்து எண்ணை வைத்தே கணக்குப் போடுங்கள்.

நம் சமையலறையில் மிக்ஸி 750 வாட், மின்சாரக் குக்கர் 700 வாட், இன்ஸ்டன்ட் பாட் 1,000 வாட், மைக்ரோவேவ் 1,500 வாட், இண்டக்‌ஷன் அடுப்பு 1,800 வாட் என்ற அளவில் இழுக்கின்றன. மாவரைக்கும் மேசைக் கிரைண்டர் சுமார் 150 வாட்டில் அடங்கிவிடும். இவற்றை ஒவ்வொன்றாக ஓட்டினால் சிக்கலே இல்லை; சாதம் வேகும் நேரத்திலேயே சட்னிக்கு மிக்ஸியைப் போட்டால்தான் சிறிய ஜெனரேட்டர் திணறும். ஓடும் வாட் 1,800 அளவுள்ள ஜெனரேட்டர் ஒரு குளிர்பதனப் பெட்டி, விளக்குகள், மின்விசிறிகள், இணைய ரவுட்டர் ஆகியவற்றுக்குப் போதும். 3,500 முதல் 4,000 வரை இருந்தால் ஒரு ஜன்னல் ஏ.சி.யும் சமையலும் சேரும். பெரும்பாலான குடும்பங்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்த இரண்டாவது அளவைத்தான்.

வீட்டின் சென்ட்ரல் ஏ.சி. அதில் ஓடாதா?

வெளியே நிற்கும் ஏ.சி. யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் உலோகத் தகட்டைப் படித்துப் பாருங்கள். கம்ப்ரஸர் வரிசையில் ஆர்.எல்.ஏ. 14 என்றும் எல்.ஆர்.ஏ. 77 என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது, ஓடும்போது எடுக்கும் ஆம்பியர். இரண்டாவது, கிளம்பும் கணத்தில் இழுப்பது. 77-ஐ 240 வோல்ட்டால் பெருக்கினால் 18,000-ஐத் தாண்டிவிடுகிறது. எடுத்துச்செல்லும் ஜெனரேட்டர்கள் பெரும்பாலானவற்றால் அதைத் தாங்க முடியாது.

சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற சிறு கருவியை ஏ.சி. மெக்கானிக்கைக் கொண்டு பொருத்தினால் அந்தத் தொடக்க இழுப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும். அப்போது 3 டன் ஏ.சி.யை 7,000 வாட்டுக்கு மேற்பட்ட ஜெனரேட்டரில் ஓட்டலாம், எரிபொருள்தான் தாக்குப்பிடிக்காது. இதைவிட, 8,000 பி.டி.யு. குளிரூட்டும் திறனுள்ள ஒரு ஜன்னல் ஏ.சி.யை முன்கூட்டியே வாங்கிவைத்து, புயல் நாட்களில் குடும்பம் முழுவதும் ஒரே படுக்கையறையில் உறங்குவதே நடைமுறைக்கு ஏற்றது. அது சுமார் 700 வாட்டில் இரவெல்லாம் ஓடும்.

இன்வெர்ட்டர் ஜெனரேட்டருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை சொல்கிறார்களே, அது அவ்வளவு பெறுமா?

என் கணக்கில் பெறும். ஊரில் வீடுகளில் மாட்டியிருக்கும் பேட்டரி இன்வெர்ட்டரை நினைத்துக்கொள்ள வேண்டாம். இதுவும் எஞ்சின் வைத்த ஜெனரேட்டர்தான். சாதாரண ஜெனரேட்டர் 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் தருவதற்காக, ஒரே ஒரு விளக்கு எரிந்தாலும் எஞ்சினை நிமிடத்துக்கு 3,600 சுற்றிலேயே ஓட்டிக்கொண்டிருக்கும். இன்வெர்ட்டர் வகை முதலில் நேர்மின்சாரமாக மாற்றி, பிறகு மின்னணுச் சுற்று வழியாகச் சீரான மாறுமின்சாரம் தருவதால், சுமை குறையும்போது எஞ்சினின் வேகமும் குறைந்துவிடுகிறது. எரிபொருள் மிச்சமாகிறது, சத்தம் தணிகிறது, மடிக்கணினி முதலியவற்றுக்கு ஏற்ற சுத்தமான மின்சாரமும் கிடைக்கிறது. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாதபோது மிச்சமாகும் பெட்ரோலே இங்கு பெரிய லாபம்.

பெட்ரோல், புரொப்பேன், குழாயில் வரும் இயற்கை எரிவாயு: இவற்றில் எதை நம்புவது?

ஜெனரேட்டர் தேர்வில் பாதி இதில்தான் இருக்கிறது. பலரும் வாட்டைப் பற்றியே பேசிவிட்டு இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். சாதாரண வகை 7,500 வாட் ஜெனரேட்டர் பாதிச் சுமையில் மணிக்கு 0.6 முதல் 0.7 காலன் பெட்ரோல் குடிக்கும். நாள் முழுதும் ஓட்டினால் 15 காலன், ஒரு வாரத்துக்கு 100 காலனுக்கு மேல். அவ்வளவு பெட்ரோலை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. மின்சாரம் இல்லாத நகரத்தில் பெட்ரோல் நிலையங்களின் பம்புகளும் ஓடாது என்பதால், தேடிப் போனாலும் கிடைக்காது. 4,000 வாட் இன்வெர்ட்டர் வகையைச் சுமார் 1,000 வாட் சுமையில், இரவிலும் வெயில் உச்சியிலும் மட்டும் ஓட்டினால், நாளுக்கு 4 அல்லது 5 காலனில் சமாளித்துவிடலாம்.

புரொப்பேன் கெட்டுப்போவதே இல்லை என்பது அதன் பெரிய பலம். பெட்ரோல் சில மாதங்களில் பழசாகி கார்புரேட்டரை அடைத்துவிடும். கிரில் அடுப்புக்கு வைத்திருக்கும் 20 பவுண்டு சிலிண்டர் பல ஆண்டுகள் அப்படியே இருக்கும். அதில் 4.7 காலன் புரொப்பேன் உண்டு. மேலே சொன்ன 1,000 வாட் சுமைக்கு ஏறக்குறைய அரை நாள் வரும். புரொப்பேனில் ஓடும்போது ஜெனரேட்டரின் திறன் சுமார் 10 சதவீதம் குறையும். சிலிண்டர்களை வீட்டுக்கு வெளியேதான் வைக்க வேண்டும். இரண்டு எரிபொருளிலும் ஓடும் வகையை வாங்கி, நான்கு சிலிண்டர்களும் இரண்டு பெட்ரோல் கேன்களும் வைத்துக்கொண்டு, புயல் வராமல் போனால் கேன் பெட்ரோலைக் காருக்கு ஊற்றிவிடுவது நல்ல ஏற்பாடு.

குழாய் எரிவாயு நிலத்தடியில் வருவதால் பெரும்பாலான புயல்களில் தடைபடுவதில்லை. ஆனாலும் அதற்கு உத்தரவாதம் கிடையாது: வெள்ளம் புகுந்த பகுதிகளில் நிறுவனமே அதை நிறுத்தலாம். 2021 பிப்ரவரிக் கடுங்குளிரில் டெக்சாஸின் எரிவாயு உற்பத்தியே சரிந்ததையும் நாம் பார்த்தோம்.

கேரேஜ் கதவை முழுவதும் திறந்துவைத்து உள்ளே ஓட்டலாமா? வெளியே வைத்தால் திருடு போகும் என்கிறார்கள்.

கூடாது. கதவைத் திறந்துவைத்தாலும் கூடாது, மின்விசிறி வைத்தாலும் கூடாது, கூரையிட்ட முன்தாழ்வாரத்திலும் கூடாது. ஜெனரேட்டர் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் குமட்டலும் வரும், களைப்பு என்று படுத்தவர் எழுந்திருக்கவே மாட்டார். எடுத்துச்செல்லும் ஜெனரேட்டர்களால் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 100 பேர் இப்படி இறக்கிறார்கள் என்று நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. 2020-இல் லாரா புயலுக்குப் பின் லூசியானாவில் இறந்தவர்களில் பலர், காற்றையும் கடலையும் தப்பிப் பிழைத்து, தங்கள் ஜெனரேட்டரின் புகையில் மாண்டவர்கள்.

அந்த ஆணையத்தின் அறிவுரைப்படி வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் இருக்கும்படி வையுங்கள். அந்தப் பக்கத்து ஜன்னல்களை மூடிவிடுங்கள். பக்கத்து வீட்டு ஜன்னலும் 20 அடிக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். திருட்டுக்கு அஞ்சினால் தடித்த சங்கிலியால் மரத்திலோ, நிலத்தில் அடித்த கொக்கியிலோ பூட்டலாம். திருடு போனால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்.

இப்போது வரும் மாடல்களில் புகை அதிகமானால் தானாக நிற்கும் வசதி இருக்கிறதே?

இருக்கிறது, அந்த வசதி இல்லாததை வாங்காதீர்கள். ஆனால் அந்த உணர்கருவி ஜெனரேட்டரின் மேல் இருக்கிறது; காற்று புகையை ஜன்னல் பக்கம் தள்ளினால் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு படுக்கையறைக்கு வெளியிலும் பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும்.

20 அடி தள்ளி வெளியே வைத்தால் மழையில் நனையாதா?

நனையவிடக் கூடாது. புயல் அடித்துக்கொண்டிருக்கும்போது ஜெனரேட்டரை ஓட்டவே வேண்டாம். காற்று ஓய்ந்த பிறகு எடுங்கள். பின்னர் வரும் மழைக்கு, ஜெனரேட்டர் சட்டத்தின் மேல் பொருத்தும் கூடாரம் போன்ற உறைகள் விற்கின்றன. அவை சாக்கெட் பகுதியை மூடி, எஞ்சினுக்குக் காற்றோட்டம் விடும். தார்ப்பாயைப் போட்டு மூடினால் தீப்பிடிக்கலாம்.

வீட்டு வயரிங்கிலேயே இணைக்க முடியுமா? இரண்டு முனையிலும் ஆண் பிளக் வைத்த வயரைத் துணி உலர்த்தும் இயந்திரத்தின் சாக்கெட்டில் சொருகினால் போதும் என்று ஒருவர் சொன்னார்.

அந்த வயரைச் செய்யவும் வேண்டாம், செய்து வைத்திருப்பவரிடம் வாங்கவும் வேண்டாம். தெரு மின்சாரத்தை வீட்டோடு இணைக்கும் மெயின் பிரேக்கரை அணைக்க மறந்தால் உங்கள் மின்சாரம் தெருக் கம்பிக்குள் பாய்ந்து, மின்மாற்றியில் உயரழுத்தமாக மாறி, அங்கே கம்பியைச் சரிசெய்துகொண்டிருப்பவரைக் கொல்லும். ஒரு முனை கழன்றால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளைக் கம்பிகளில் 240 வோல்ட் இருக்கும்.

சரியான வழிகள் இரண்டு. ஒன்று, தேர்ந்தெடுத்த சில சர்க்யூட்டுகளை மட்டும் தெரு மின்சாரத்திலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றிவிடும் டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச். மற்றொன்று, செலவு குறைந்த இன்டர்லாக்: மின்பேனலின் முகப்பில் மேலும் கீழும் நகரும் ஒரு சிறிய உலோகத் தகடு. மெயின் பிரேக்கரைக் கீழே தள்ளினால்தான் தகடு நகரும். தகடு நகர்ந்தால்தான் ஜெனரேட்டர் பிரேக்கரை மேலே போட முடியும். இரண்டும் ஒரே நேரத்தில் இயங்க வழியே இல்லை. வெளிச்சுவரில் ஒரு பிளக் பெட்டியையும் சேர்த்து, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு, நகராட்சி அனுமதியுடன் செய்துகொள்ளுங்கள். இதற்கான பணத்தை மிச்சப்படுத்த நினைப்பவர்கள் நீட்டிப்பு வயர்களால் நேரடியாகக் குளிர்பதனப் பெட்டிக்கும் ஏ.சி.க்கும் கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் வயர் வெளிப்புற வகையாக, 12 கேஜ் தடிமனாவது உள்ளதாக இருக்க வேண்டும். கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிக்கும்.

மின்பேனலோடு இணைத்தவுடன் ஜெனரேட்டரின் ஜி.எஃப்.சி.ஐ. (மின்கசிவு தெரிந்தால் மின்சாரத்தை நிறுத்தும் பாதுகாப்புக் கருவி) டிரிப் ஆகிவிடுகிறது. ஜெனரேட்டர் பழுதா?

பெரும்பாலும் இல்லை. சில ஜெனரேட்டர்களில், மின்னோட்டம் திரும்பி வரும் நியூட்ரல் கம்பி உள்ளேயே உலோகச் சட்டத்துடன் சேர்க்கப்பட்டிருக்கும்; வீட்டுப் பேனலிலும் நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்தே இருக்கும். இப்படி இரண்டு இடத்தில் சேரும்போது, திரும்ப வேண்டிய மின்னோட்டத்தின் ஒரு பகுதி எர்த் கம்பி வழியாகப் போகிறது; ஜி.எஃப்.சி.ஐ. அதைக் கசிவு என்று கொண்டு நிறுத்திவிடுகிறது. பேனலோடு இணைப்பதே உங்கள் நோக்கமானால், நியூட்ரல் தனித்திருக்கும் மாடலா என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால், தயாரிப்பாளரின் வழிமுறைப்படி எலக்ட்ரீஷியன் மாற்றித் தரட்டும். ஜி.எஃப்.சி.ஐ.யைக் கழற்றிவிடுவது தீர்வாகாது.

பேசாமல், வீட்டுக்கு வெளியே நிலையாகப் பொருத்தி குழாய் எரிவாயுவில் ஓட்டும் 22 கிலோவாட் ஸ்டாண்ட்பை ஜெனரேட்டரைப் போட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். சரியா?

ஜெனரேட்டர் வகைகளில், மின்சாரம் போன சில நொடிகளில் தானே கிளம்பி வீடு முழுவதையும் தாங்குவது அது ஒன்றுதான். நடக்க இயலாத முதியவர் தனியே இருக்கும் வீட்டுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். பொருத்துவது உட்பட 10,000 முதல் 15,000 டாலர் வரை ஆகும் என்று எதிர்பாருங்கள். பாதிச் சுமையில் மணிக்குச் சுமார் 200 கன அடி இயற்கை எரிவாயு வேண்டும். முழுச் சுமையில் 300-ஐத் தொடும். பல வீடுகளில் உள்ள மீட்டர் 250 கன அடி அளவுடையது. அடுப்பும் வாட்டர் ஹீட்டரும் அதே குழாயில்தான். மீட்டரை மாற்ற எரிவாயு நிறுவனத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும் என்பதால், விலைப்பட்டியல் தருபவரிடம் முதலில் இதைக் கேளுங்கள். அவருக்கு விடை தெரியவில்லையென்றால் வேறொருவரைப் பாருங்கள்.

வைக்கும் இடமும் முக்கியம். 2017-இல் ஹார்வி புயலில் பெய்த மழையில் எந்த மட்டம் வரை தண்ணீர் நின்றது என்று தெருவில் பழையவர்களிடம் விசாரித்து, அதற்கு மேலே மேடை கட்டி வையுங்கள். தண்ணீரில் மூழ்கிய ஸ்டாண்ட்பையை நம்ப முடியாது.

எங்கள் எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) அனுமதிக்காது என்கிறதே?

டெக்சாஸ் சொத்துச் சட்டத்தின் 202.019 பிரிவு, நிலையாகப் பொருத்தும் ஸ்டாண்ட்பை ஜெனரேட்டரை வீட்டுச் சங்கங்கள் தடை செய்வதைத் தடுக்கிறது. தெருவிலிருந்து தெரியாதபடி மறைப்பு, சோதனை ஓட்டத்துக்கான நேரம் போன்ற நியாயமான நிபந்தனைகளை அவர்கள் விதிக்கலாம். முன் அனுமதியும் கேட்கலாம். விண்ணப்பத்தில் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். கையால் தள்ளிச்செல்லும் ஜெனரேட்டருக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது.

கூரையில் சோலார் இருக்கிறது. பிறகு ஏன் ஜெனரேட்டர்?

பேட்டரி இல்லாத சோலார் அமைப்புகள் பெரும்பாலும், தெரு மின்சாரம் போனவுடன் தாமும் நின்றுவிடும்படி வடிவமைக்கப்பட்டவை. இரட்டை ஆண் பிளக் பற்றிய பதிலில் சொன்ன அதே ஆபத்தைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. பேட்டரி இருந்தால் நிலைமை மாறும். டெஸ்லா பவர்வால் 13.5 கிலோவாட்-மணி சேமிக்கும். குளிர்பதனப் பெட்டி, விளக்கு, ஒரு அறை ஏ.சி. ஆகியவற்றை இரவு முழுதும் தாங்கி, பகலில் வெயிலில் மீண்டும் நிரம்பும். சென்ட்ரல் ஏ.சி.யை அதில் ஓட்டினால் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஃபோர்டின் எஃப்-150 லைட்னிங் போன்ற மின்சார வண்டி வைத்திருப்பவர்கள், 9.6 கிலோவாட் வரை அதிலிருந்தே எடுக்கலாம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

நாங்கள் அபார்ட்மென்ட்டில் இருக்கிறோம். அம்மாவின் இன்சுலினும், அப்பா தூங்கும்போது மூச்சுக்கு உதவும் சி-பாப் கருவியும்தான் கவலை.

பால்கனியில் பெட்ரோல் ஜெனரேட்டர் என்ற பேச்சே வேண்டாம். 2 கிலோவாட்-மணி அளவுள்ள, சாக்கெட்டுகளுடன் கூடிய எடுத்துச்செல்லும் பேட்டரிப் பெட்டி (பவர் ஸ்டேஷன்) ஒன்று உங்களுக்குப் போதும். குளிர்பதனப் பெட்டி நாளுக்கு 1 முதல் 1.5 கிலோவாட்-மணி எடுப்பதால் ஒரு நாளுக்கு மேல் வரும். சி-பாப் கருவியின் ஈரப்பதமூட்டியை அணைத்துவிட்டால் 30 முதல் 60 வாட்தான். அதை மட்டும் ஓட்டினால் மூன்று இரவுக்குக் குறையாமல் தாங்கும். திறந்த இன்சுலின் புட்டிகளில் பெரும்பாலானவை 86 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே 28 நாள் வரை இருக்கும். உங்கள் வகைக்கு என்ன வரம்பு என்று மருந்தாளரிடம் இப்போதே கேட்டுவையுங்கள்.

உயிர்காக்கும் கருவி உள்ளவர்கள், மருத்துவர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தின் மூலம் மின் நிறுவனத்திடம் சிறப்பு மருத்துவ வாடிக்கையாளராகப் பதியலாம். பதிந்தாலும் புயலில் மின்சாரம் முதலில் வரும் என்ற உறுதி இல்லாததால், போய்த் தங்க வேறொரு வீட்டை முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கி ஒரு வருடம் மூடியே வைத்திருந்தேன், இப்போது ஸ்டார்ட் ஆகவில்லை. என்ன செய்வது?

எரிபொருள் பற்றிய பதிலில் சொன்ன பழைய பெட்ரோல்தான் பெரும்பாலும் காரணம். தொட்டியை வடித்து, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, புதுப் பெட்ரோல் ஊற்றிப் பாருங்கள். இனிமேல் எடுத்துவைக்கும்போது பெட்ரோல் குழாயை மூடிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓட்டுங்கள். மாதம் ஒருமுறை சுமையுடன் 20 நிமிடம் ஓட்டுங்கள்.

எண்ணெயைப் பலரும் மறக்கிறார்கள். புது எஞ்சினுக்கு முதல் 20 அல்லது 25 மணி நேரத்திலும், பிறகு கையேட்டில் சொன்னபடி 50 முதல் 100 மணி நேரத்துக்கு ஒருமுறையும் மாற்ற வேண்டும். நிறுத்தாமல் ஓட்டினால் 100 மணி என்பது நான்கு நாள்தான். கடைகள் மூடியிருக்கும் அந்த வாரத்துக்கு இரண்டு முறை மாற்றுவதற்கான எண்ணெய், ஒரு ஸ்பார்க் பிளக், ஒரு புனல் ஆகியவை வீட்டில் இருக்கட்டும்.

எப்போது வாங்கினால் நல்லது? புயல் வளைகுடாவுக்குள் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

அதற்குள் கடைகளில் தீர்ந்துவிடும். டெக்சாஸில் ஏப்ரல் கடைசி வார இறுதியில் அவசரகாலப் பொருட்களுக்கு விற்பனை வரிவிலக்கு உண்டு. 3,000 டாலருக்குக் குறைவான எடுத்துச்செல்லும் ஜெனரேட்டர்கள் அதில் அடங்கும். அப்போது வாங்கினால், மே மாதத்தில் இன்டர்லாக் போட எலக்ட்ரீஷியன் எளிதாகக் கிடைப்பார்.

அந்த வேலை முடிந்ததும், ஒரு சனிக்கிழமை மாலை மெயின் பிரேக்கரை அணைத்து, மறுநாள் காலை வரை ஜெனரேட்டரிலேயே வீட்டை நடத்திப் பாருங்கள். எந்த இரண்டு பொருட்களைச் சேர்த்துப் போட்டால் திணறுகிறது, எத்தனை காலன் செலவாகிறது, 20 அடிக்கு வயர் எட்டுகிறதா, வீட்டில் உங்களைத் தவிர வேறொருவருக்கும் அதைக் கிளப்பத் தெரிகிறதா என்பதெல்லாம் அந்த ஒரே இரவில் தெரிந்துவிடும். ஜூன் 1-க்குள் குறையிருந்தால் சரிசெய்துகொள்ள நேரமும் இருக்கும்.